திரைப்படம் ஆய்வு நூலாகுமா?

இறையனார் களவியலுக்குப் புலவர் பலர் உரை கண்டபொழுது, மெய்யுரை இஃதெனத் துணிய அமர்ந்தவன் உருத்திரசன்மன் என்னும் ஊமைப் பிள்ளை என்பர். நக்கீரர் உரை கேட்டு அவன் கண்ணீர் வார்த்தான், அதுவே தீர்ப்பாயிற்று. இன்றைய பல்கலைக் கழகங்கள் அத்தீர்ப்பை ஏற்கமாட்டா. கண்ணீருக்குக் காரணம் எழுத்தில் வேண்டும் என்பர். எழுதிய ஆய்வுக்கு இம்முறை பொருந்தும். படம் பிடித்துச் செய்த ஆய்வுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதே வினா.

பிரிட்டனில் 2014, 2021ஆம் ஆண்டுகளில் நடந்த ஆய்வுத்தர மதிப்பீடுகளில் திரைப்படைப்புகளும் ஆய்வாகக் கொள்ளப்பட்டன. படைப்போடு 300 சொற்களுக்கு மேற்படாத விளக்கமும் இணைக்கலாம். ‘ஸ்கிரீன்வொர்க்ஸ்’ என்னும் ஆய்விதழ், படம், ஆக்கியோன் விளக்கம், மதிப்பிட்டோர் கருத்துரை மூன்றையும் ஒருங்கே வெளியிடுகின்றது. விளக்கத்தைப் பாயிரம் எனலாம். ஆயினும், பாயிரத்தைக் கொண்டே நூலை எடை போடும் வழக்கம் தமிழில் இருந்ததில்லை. இங்கோ, அவ்விடர் எப்போதும் உண்டு.

ஒரு சான்று காண்போம். 2012இல் வெளிவந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’, வெஸ்ட்மின்ஸ்டர்ப் பல்கலைக் கழக ஆய்வுத் திட்டம் ஒன்றைச் சார்ந்து ஜோஷுவா ஓப்பன்ஹைமர் இயக்கிய படம். மலாக்கா நீரிணைக்கு அக்கரையிலுள்ள மேடான் நகரில், 1965, 1966ஆம் ஆண்டுகளில் மக்களைக் கொன்றவர்களே தம் செயலை நடித்துக் காட்டுகின்றனர். நடித்ததைப் படமாக அவர்களுக்கே காட்டுவர். அதன்பின் மீண்டும் நடிப்பர். அன்வார் கொங்கோ என்பவர், கம்பியால் கழுத்தை இறுக்கிக் கொன்ற முறையைத் தாமே நடித்த காட்சியைப் பார்த்து, தாம் உடுத்திய வெள்ளைக் காற்சட்டையையே குறை கூறுகின்றார். கொலையைப் பற்றி அங்கு அவருக்குக் குறையொன்றுமில்லை. தண்டனையறியாத வாழ்வு மனத்தை என்ன செய்தது என்பதற்கு அதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ? 300 சொற்களில் இதனைக் ‘கண்டுபிடிப்பு’ என எழுதிவிடலாம். அவர் முகம் எழுத்தில் வாராது.

எனினும், கண்ணீர் மட்டும் போதும் என்பதும் பிழையே. படையினரின் பங்கைப் படம் போதிய அளவு காட்டவில்லை என்று வரலாற்றறிஞர் சிலர் குறை கூறினர். இக்குறையைத் திரைவிழா நடுவர் கேளார், துறையறிஞரே கேட்பர். ஆதலின் மதிப்பீடு வேண்டற்பாலது.

இடர் வேறோரிடத்தில் உள்ளது. கட்டுரையாயின், மதிப்பிட்டோர் சொற்படி திருத்தி மீண்டும் அனுப்பலாம். முடிந்த படத்தைத் திருத்த மேடானுக்கு மீண்டும் எவர் செல்வார்? திருத்தம் பெரும்பாலும் விளக்கத்தின் தலையிலேயே விழும். எந்தப் படத்தை மதிப்பிடுவது என்பதும் தெளிவன்று. இப்படத்திற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேர வடிவமும் 159 நிமிட வடிவமும் உண்டு.

ஆக்கியோன் பெயரை மறைத்து மதிப்பிடும் வழக்கமும் இங்குச் செல்லாது. இயக்குநர் குரல் படத்திலேயே ஒலிக்கின்றது. 2014இல் தோன்றிய ‘இன்டிரான்சிஷன்’ என்னும் காணொளி ஆய்விதழ் மறைப்பையே கைவிட்டது. மதிப்பிடுவோரும் தம் பெயரிட்டே எழுதுகின்றனர். மேடான் படத்திலோ இந்தோனேசிய இணை இயக்குநர் ஒருவரும் உடனுழைத்தோர் பலரும், உயிருக்கு அஞ்சி, ‘பெயரிலி’ என்றே இறுதிப் பட்டியலில் நிற்கின்றனர்.