தண்ணீர் என்று யாரைச் சொல்கிறோம்?

'ப்ளட் இஸ் திக்கர் தேன் வாட்டர்' என்கிற ஆங்கிலப் பழமொழிக்குப் பெரிய விளக்கம் எதுவும் வேண்டாம். தண்ணீரைவிட ரத்தம் அடர்த்தியானது. எவ்வளவு சிநேகம் இருந்தாலும் கடைசியில் சொந்தம்தான் நிற்கும். அவ்வளவுதான். நம்மிடம் இதற்குப் பக்கத்தில் நிற்பது 'தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்'. பத்து வருஷம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்துக்கொண்டால், கூட நிற்கும் பெரியவர் ஒருத்தர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்.

இப்போது இணையத்தில் வேறொன்று சுற்றுகிறது. "இந்தப் பழமொழியோட முழு வடிவம் உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பிக்கும். உண்மையான வாசகம், 'உடன்படிக்கையின் ரத்தம் கருப்பையின் நீரைவிட அடர்த்தியானது' என்பதாம். போர்க்களத்தில் சேர்ந்து ரத்தம் சிந்தியவர்களின் பந்தம், கூடப் பிறந்த பந்தத்தைவிடப் பெரிது என்று அர்த்தமாம். நடுவில் பாதி உதிர்ந்துபோய்ப் பொருள் தலைகீழாகிவிட்டதாம். வீட்டோடு ஒத்துப்போக முடியாதவர்கள், வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் இதை ஆசையாகப் பகிர்கிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. 'என்ன இருந்தாலும் சொந்தம்டா' என்று சொல்லிச் சொல்லியே ஒருத்தரை மூச்சுமுட்ட வைக்க முடியும். அதற்குப் பதில் சொல்ல ஒரு பழைய ஆயுதம் கிடைத்தால் யார்தான் எடுக்க மாட்டார்கள்?

ஆனால் அந்த ஆயுதம் பழையது இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட ஒரு நரிக்கதைக் காவியத்தில், உறவின் ரத்தம் தண்ணீரால் கெடாது என்ற கருத்து வருகிறது. 1815-இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'கை மேனரிங்' நாவலில் இன்று நாம் சொல்கிற பழமொழியே இருக்கிறது. இரண்டு இடத்திலும் ரத்தம் என்றால் சொந்தம்தான். 'கருப்பையின் நீர்' என்ற வடிவம் பழைய நூல் எதிலும் இல்லை. அது நம் காலத்துச் சரக்கு. கொஞ்சம் நெருங்கி வருவது ஒன்றுதான். அமெரிக்கரான ஹென்றி கிளே ட்ரம்புல் 1885-இல் ரத்த உடன்படிக்கைச் சடங்குகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரே தாயிடம் பால் குடித்தவர்களைவிட ரத்தத்தால் உடன்படிக்கை செய்தவர்கள் நெருக்கமானவர்கள் என்ற அரபு வழக்கை அதில் குறிப்பிடுகிறார். அங்கே ஒப்பிடப்படுவது பால். ஆங்கிலப் பழமொழியின் மூலம் அதுதான் என்று சொல்ல அதில் இடமில்லை.

"பொய்யா இருந்தா என்ன? நாலு பேருக்கு ஆறுதலா இருக்கே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் அந்தப் புது வடிவத்தை ஒரு படைப்பாகவே எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்ப்போம். அதில் ஜெயிப்பது யார்? வாளெடுத்தவர்கள். தோற்பது? கருப்பை. பத்து மாதம் சுமந்து பெற்றவளின் பனிக்குடத்து நீர் நீர்த்துப்போன பொருளாகிறது. ஆண்கள் களத்தில் கொட்டிய ரத்தம் கெட்டிப்படுகிறது. குடும்பத்தின் பிடியிலிருந்து விடுதலை என்று நினைத்துப் பகிரும் வாசகம், போர்வீரனின் பெருமையைத்தான் பேசுகிறது. தேர்ந்தெடுத்த நட்பு என்று நாம் சொல்கிற எந்த நட்பும் அப்படிப் பிறந்ததில்லை. ஹாஸ்டல் அறையில் காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் யாரோடும் ரத்த ஒப்பந்தம் போடவில்லை. மூலப் பழமொழியில் ரத்தம் உசத்தி, தண்ணீர் மட்டம். மாற்றிய பழமொழியிலும் அதேதான். ஆட்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள்.

பழமொழி வீட்டுக்குள் மட்டும் வேலை செய்வதில்லை. 1859 ஜூன் மாதம், இரண்டாம் அபினிப் போரின்போது, வடசீனாவின் தாகு கோட்டைகளைத் தாக்கப் போன பிரிட்டிஷ் படை பலத்த அடி வாங்கியது. பக்கத்தில் நின்றிருந்த அமெரிக்கக் கப்பல் அதிகாரி ஜோசையா டாட்னால் நடுநிலை காக்க வேண்டியவர். அவர் பிரிட்டிஷாருக்கு உதவினார். காரணமாக அவர் சொன்னதாகப் பதிவாகியிருப்பது இந்தப் பழமொழிதான். அவருக்கும் அந்தப் படைக்கும் மாமன் மச்சான் உறவு எதுவும் இல்லை. ஒரே இனம் என்ற எண்ணம் மட்டும்தான். சொந்த ஊர்க் கோட்டையில் நின்று காவல் காத்த சீனர்கள் அந்த வாக்கியத்தில் தண்ணீர் ஆனார்கள். இந்தப் பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எல்லாரும் ரத்தத்தையே பார்க்கிறோம். பார்க்க வேண்டிய சொல் தண்ணீர். 'நம்ம ரத்தம்' என்று சொல்லிச் சாதிக்குள்ளேயே பெண் தேடுகிறவர்கள் யாரைத் தண்ணீராக்குகிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போலி மூலம் இந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. 'பழமொழி நல்லதுதான், நாமதான் தப்பா புரிஞ்சுக்கிட்டோம்' என்று சொல்லி எல்லாரையும் காப்பாற்றிவிடுகிறது. இந்த வித்தை நமக்கும் புதிதில்லை. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்ற பழமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்பு வைத்திருந்த வாத்தியார்களும் பெல்ட் வைத்திருந்த அப்பாக்களும் இதைச் சொல்லித்தான் அடித்தார்கள். அடிப்பது கொஞ்சம் வெட்கமான விஷயமாக மாறிய பிறகு, வாட்ஸப்பில் விளக்கம் வந்தது: அடி என்றால் இறைவனின் திருவடியாம்! கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த அழகில் அடி வாங்கிய பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். அவர்கள் முதுகில் விழுந்தது திருவடி இல்லை.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதையும் 'வேரை' என்று திருத்துகிறார்கள். நோயாளிகளின் எரிச்சலில் பிறந்த நல்ல கிண்டல், மூலிகைப் பாடமாகிப் போனது. திருத்துகிறவர்கள் நம்புவது ஒன்றுதான்: முன்னோர் தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். ஏன் பேசியிருக்கக் கூடாது? பழமொழி என்பது ஒரு காலத்து மனுஷர்கள் பேசிய பேச்சு. அதில் அனுபவம் இருக்கும், நக்கல் இருக்கும், கொடுமையும் இருக்கும். கொடுமையைச் சொல்லும் பழமொழி அந்தக் கொடுமைக்குச் சாட்சி. சாட்சியின் வாக்குமூலத்தை நம் வசதிக்குத் திருத்தி எழுதக் கூடாது.

அப்பாவின் வீட்டைவிட்டு வெளியேறிய ஒருத்திக்கு, இல்லாத ஒரு பழைய வாசகம் துணைக்கு நிற்க வேண்டியதில்லை. "ஆமா, தண்ணியைவிட ரத்தம் அடர்த்திதான். ஆனா எனக்குத் தாகம் எடுத்தப்போ குடிக்கக் கொடுத்தது யாரு?" என்று அவளே கேட்கலாம். இதற்குப் பழமையின் முத்திரை கிடையாது. அவள் பட்ட அனுபவம் போதும். பழமொழியைச் சொல்லும் பெரியவரோடு நேருக்கு நேர் பேச அந்தக் கேள்வியால் முடியும். முன்னூறு வருஷத்துக்கு முன்பே யாராவது அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.