எந்தக் கோப்பு எந்தச் சாளரத்தில்? உரைத்தொகுப்பிகளின் மூன்று மரபுகள்

பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட பழைய கோயில் மலர்களையும் பாடசாலை மலர்களையும் ஒருங்குறிக்கு மாற்றுபவர் திரையை மூன்றாகப் பிரித்துக்கொள்வார். இடப்பக்கம் பாமினி மூலம், வலப்பக்கம் மாற்றிய பிரதி, கீழே திருத்தக் குறிப்பு. வெறும் உரைத்தொகுப்பியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். மெய்யின் குற்றுக்கு அங்கே அரைப்புள்ளிதான். ஆகவே கண் இடமும் வலமும் ஓயாமல் போய்வர வேண்டும். இந்த நிலையில் ஒரு சொல்லை எல்லாக் கோப்புகளிலும் தேடி, விடைப் பட்டியலில் ஒரு வரியைத் தட்டினால், புதுக் கோப்பு மூலம் இருந்த சாளரத்திலேயே வந்து உட்கார்ந்துவிடக்கூடும். கவனியாதவர் வேறொரு மலரோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருப்பார். கோப்பு எங்கே திறப்பது என்பதைக் கேர்சர் கடைசியாக நின்ற இடம் தீர்மானிக்கக் கூடாது, அந்தக் கோப்புக்குரிய பணிதான் தீர்மானிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். உரைத்தொகுப்பி மரபுகளை இந்த ஒரு அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

முதலாவது வீஐ மரபு. பில் ஜோய் 1976இல் எழுதத் தொடங்கிய வீஐயின் வழியில், பிராம் மூலெனார் 1991இல் விம்மை வெளியிட்டார். விம்மில் ஒவ்வொரு பிரிப்பும் பயனர் இடும் கட்டளை. குறுக்கே பிரித்தால் புதுச் சாளரம் மேலே வரும், நெடுக்கே பிரித்தால் இடப்பக்கம் வரும். 'ஸ்பிளிட்பிலோ', 'ஸ்பிளிட்ரைட்' என்ற இரு அமைப்புகள் அவற்றைக் கீழேயும் வலப்பக்கமும் தள்ளும். 'ஸ்விட்ச்பஃப்' என்பது, ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பானால் அதன் சாளரத்துக்கே போகச் சொல்லும். இவையெல்லாம் திசையைச் சொல்கின்றனவே தவிர, இந்தச் சாளரம் யாருக்கு உரியது என்று சொல்வதில்லை. அதைச் சொல்லும் 'வின்ஃபிக்ஸ்பஃப்' 2024இல்தான் வந்தது. அது பூட்டிய சாளரத்தில் வேறு கோப்பைத் திறக்கப் போனால் விம் பிழைச்செய்தி காட்டி மறுத்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிந்தி வந்தாலும் சரியான இடத்துக்கே வந்திருக்கிறது.

ஈமாக்ஸ் மரபு இந்தக் கேள்வியை வேறு கோணத்தில் எடுத்தது. 1976இல் எம்ஐடியில் பிறந்து, 1985இல் ஜிஎன்யு ஈமாக்ஸாக வெளிவந்த இத்தொகுப்பியில், 'இதை எங்காவது காட்டு' என்ற வேண்டுதல்கள் பெரும்பாலும் 'டிஸ்பிளே-பஃபர்' என்ற ஒரே வாசலால் போகின்றன. வழக்கமான அமைப்பில் 160 பத்தி அகலம் இருந்தால் பக்கவாட்டில் பிரிக்கும், 80 வரி உயரம் இருந்தால் மேல்கீழாகப் பிரிக்கும். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் மடிக்கணினித் திரை அந்த 160ஐ எட்டாது என்பதால், பக்கத்தில் எதிர்பார்த்தது கீழே வந்து நிற்கும். பலருக்கு ஈமாக்ஸ் தன்னிச்சையாக நடப்பதுபோல் தோன்றுவதற்கு இந்த இரண்டு எண்களே காரணம். 2012இல் வந்த 24ஆம் பதிப்பின் 'டிஸ்பிளே-பஃபர்-அலிஸ்ட்' இந்த வாசலில் ஒரு விதிப்பட்டியலை வைத்தது. இன்ன பெயருள்ளது கீழ்ப்பக்கச் சாளரத்தில், இன்னது வலப்பக்கத்தில், இன்ன உயரத்தில் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். நம் அளவுகோலுக்கு மிக அருகில் வருவது இதுதான். ஆனால் ஓட்டை ஒன்று உண்டு: ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்புக்குப் பயனர் தாமே பெயர் சொல்லி மாறினால், அது வழக்கமாக இந்தப் பட்டியலுக்குக் கட்டுப்படாமல் நிற்கிற சாளரத்திலேயே வரும். அதையும் பட்டியலுக்குள் கொண்டுவரும் அமைப்பு 2020இன் 27ஆம் பதிப்பில்தான் கிடைத்தது.

2015இல் வந்த விஎஸ் கோட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்பை ஒருமுறை சொடுக்கினால் அது சாய்வெழுத்துத் தலைப்போடு தற்காலிகமாகத் திறந்து, அடுத்த கோப்புக்கு இடம்விடும். தாவல்களின் குழுவைப் பூட்டும் வசதியும் பின்னர் சேர்ந்தது. இங்கே பணியை அறிவிப்பது விதியல்ல, மவுஸ்.

விதி எழுதும் நேரத்தில் நாலு பக்கம் திருத்திவிடலாமே என்பர். ஒரே கோப்பில் வேலை செய்பவருக்கு அது உண்மை; அவருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. மூலமும் பிரதியும் குறிப்புமாக நூற்றுக்கணக்கான பக்கம் பார்ப்பவருக்குக் கணக்கு மாறும். பூட்டிய சாளரம் அவசரத்தில் மறிக்கும் என்பது அடுத்த முறைப்பாடு. விம்மில் கட்டளையோடு ஆச்சரியக்குறி சேர்த்தால் பூட்டு வழிவிடும். ஈமாக்ஸில் சாளரத்தை மென்மையாக ஒதுக்கினால், தானாக வருபவற்றைத் தடுத்து, நாம் கேட்டதை மட்டும் அனுமதிக்கும். மறுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தமின்றி மூலத்தை மறைப்பது தெரிவதில்லை. இரண்டில் முன்னையதன் சேதம் குறைவு.

இது நிரலாளரின் நுணுக்கம், பதிப்பு வேலைக்கு எதற்கு என்ற கேள்விக்கு யாழ்ப்பாணத்திலேயே விடை இருக்கிறது. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது பல ஏட்டுப்பிரதிகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். மூலமும் உரையும் பாடபேதமும் கலந்துவிடாதபடி ஒவ்வொன்றுக்கும் தனியிடம் கொடுப்பது அந்தப் பதிப்பு மரபின் அடிப்படை ஒழுங்கு. சிறு திரையில் மூலம், பிரதி, குறிப்பு மூன்றுக்கும் இடமேது என்றால், குறிப்பை வேறு தாவலுக்கு அனுப்பிவிடலாம். மூலமும் பிரதியும் மட்டும் அருகருகே, பூட்டியபடி இருக்கட்டும்.