தொலைவும் தொழிற்பிரிவினையும்

ஆராய்ச்சி தனிமனிதனின் தவம் என்ற கருத்து இன்று செல்லாக்காசாகிவிட்டது. அறிவு கூட்டு முயற்சியின் விளைபொருள் என்பதை நாம் நீண்டகாலமாக வலியுறுத்தி வந்திருக்கிறோம். இணையவழித் தொடர்பு பெருகியுள்ள இக்காலத்தில் அக்கூட்டு முயற்சியில் யாருக்கு எப்பங்கு கிடைக்கிறது என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

2023ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் ஒக்ஸ்போர்ட், பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர் மூவர் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் நோக்கற்பாலது. 1960 முதல் 2020 வரை வெளிவந்த 2 கோடி ஆய்வுக் கட்டுரைகளையும், 1976 முதல் 2020 வரையான 40 இலட்சம் காப்புரிமைகளையும் அவர்கள் ஆராய்ந்தனர். ஒரே நகரில் கூடிப் பணியாற்றுவோரைவிடத் தொலைவிலிருந்து இணைவோர், துறையின் போக்கையே மாற்றும் புதுக் கருத்துகளைத் தருவது குறைவு என்பது அவர்தம் முடிபு.

இதனைக் கொண்டு, நேரிற் கூடுவதே மெய்யான ஆராய்ச்சி என்று தீர்ப்புக் கூறுவோர் கட்டுரையின் சாரத்தைத் தவறவிடுகின்றனர். தொலைவிலுள்ளோர் பரிசோதனை, தரவுப் பகுப்பாய்வு முதலிய வேலைகளிலேயே பெரிதும் ஈடுபடுகின்றனர். கருத்தை உருவாக்குவதிலும் கட்டுரை எழுதுவதிலும் அவர்தம் பங்கு சுருங்குகிறது என்பதையும் அக்கட்டுரை காட்டுகிறது. சிந்திப்போர் ஒருபுறம், திரட்டுவோர் மறுபுறம் என்ற இத்தொழிற்பிரிவினை நாம் நன்கறிந்த ஒன்றே. தூரத்தைக் கடக்கும் வசதி யாருக்குண்டு என்ற வினாவை நாமே எழுப்பவேண்டும்.

விமானச் சீட்டும் வீசாவும் பெற்றவர்க்கே சர்வதேச மாநாடுகளின் நேர்முகம் வாய்க்கும். மட்டக்களப்பிலோ மலையகத்திலோ உள்ள ஏழை மாணவர்க்கு இணையமே வாசல். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்ட மண்ணில், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எவரும் இருந்த இடத்திலிருந்தே படிக்க 2005இல் தோன்றிய 'நூலகம்' எண்ணிம நூலகம் வழிசெய்தமை சிறிய சாதனையன்று. ஆயினும், ஏடு கிடைப்பது வேறு. அதுபற்றி எதிர்வாதம் கேட்டு நம் கருத்தைத் திருத்திக்கொள்வது வேறு. முன்னதை இணையம் தாராளமாகத் தருகிறது. பின்னது மனிதர் முகம்பார்த்து வாதிடும் இடத்திலேயே செழிக்கிறது.

அவ்வாறு கூடுவதற்குக் கொழும்புக்கோ இலண்டனுக்கோ செல்லவேண்டியதில்லை. பாடசாலை முடிந்தபின் ஒரு வகுப்பறையிற் பத்துப்பேர் அமர்ந்து ஒரு நூலை விவாதிப்பது எந்த ஊரிலும் இயலும். ஆசிரியர்களாகிய நாம் தொடங்கவேண்டிய பணி இது. அங்கு பிறந்த வினாவோடு இணையத்துக்குச் செல்பவர், பிறர் வினாவுக்குத் தரவு திரட்டும் கூலியாக இரார். வாதத்திற் சரிநிகராக நிற்பார்.