கிளாரினெட்டும் அக்கார்டியனும் சேருமா?

ஊதுகிற வாத்தியமும் துருத்தி வாத்தியமும் சேர்வதில் என்ன கஷ்டம் என்று நம் புத்தூர், திருப்பதி அன்பர்கள் கேட்கலாம். ஐரோப்பாவில் இந்த ஜோடிக்குப் புதிது புதிதாக இசை எழுதுகிறார்கள். அங்கே அக்கார்டியனின் அசையாத சுரங்கள் குறையே அல்ல. நமக்கோ தோடியின் காந்தாரம் அசையாமல் நின்றால் ராகமே போச்சு! அதன் உறவான ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி, 1971இல்தான் ஓரளவு தளர்த்தியது. கமகம் பேசாது என்பதும் அன்று சொன்ன காரணம்.

கிளாரினெட் தப்பித்தது. 19ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரிக்குள் வந்த அதை, நாகஸ்வரமும் பயின்ற ஏ.கே.சி. நடராஜன் முழுக் கச்சேரி வாத்தியமாக்கினார். 2008இல் சங்கீத கலாநிதி. உதடும் விரலும் சேர்ந்து சுரத்தை வளைக்கும். அக்கார்டியனில் சுரத்துக்கொரு உலோக நாக்கு, எளிதில் வளையாது.

ஆகவே கிளாரினெட்டின் கமகத்துக்கு அடியில் மேற்கத்திய சுரக்கூட்டுகளை அடுக்குவது, என் அபிப்பிராயத்தில், சரிப்படாது. அக்கார்டியனின் பலம் துருத்திதான். ஒரே ஷட்ஜத்தைப் பிடித்து மெல்ல எழுப்பித் தணிக்க, நம்ம சுருதிப்பெட்டிக்கு அவ்வளவு வராது. அந்த ஆதாரத்தின் மேல் கிளாரினெட் தோடியை விஸ்தரிக்கட்டும். கீபோர்டு மட்டுமே பழகும் நம் பிள்ளைகளுக்கும் காந்தாரம் எங்கே அசையுதுன்னு காதிலே விழும்.