அறுவடைக்கு முந்திய தீர்ப்புகள்

யூதாவில் செதேக்கியா அரசாண்ட நான்காம் ஆண்டு. எருசலேம் ஆலயத்தில் ஆசாரியர்களும் மக்களும் பார்த்துக்கொண்டிருக்க இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நின்றார்கள். பாபிலோனின் நுகம் முறிந்தது, கொள்ளைபோன பாத்திரங்கள் இரண்டு ஆண்டுக்குள் திரும்பி வரும் என்றான் கிபியோன் ஊரானாகிய அனனியா. அந்த நுகத்தைச் சுமந்தே தீர வேண்டும் என்று சொல்லிவந்த எரேமியா, அதைக் காட்டுவதற்காகவே கழுத்தில் மரநுகம் பூட்டித் திரிந்தவர். இருவரும் ஒரே ஆண்டவரின் பெயரால் பேசினார்கள். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போட்டான். எரேமியா அவனைச் சபிக்கவில்லை. அவன் சொன்னபடி நடந்தால் நல்லதுதான் என்றார், சமாதானம் சொல்லும் தீர்க்கதரிசியை அது நிறைவேறும்போது அறிந்துகொள்ளலாம் என்றார், தம் வழியே போய்விட்டார். அனனியாவுக்கான மறுமொழி பிற்பாடுதான் அவருக்குக் கிடைத்தது.

எரேமியா நூலின் 28ஆம் அதிகாரம் சொல்லும் இந்த நிகழ்ச்சியில், கிறிஸ்தவ மரபு பின்னர் தனித்தனியே வளர்த்த இரண்டு சிந்தனைகள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, சீர்திருத்தச் சபையார் ஆவிகளைப் பகுத்தறிதல் என்றும் கத்தோலிக்கர் தேர்ந்து தெளிதல் என்றும் சொல்வது. மற்றது, கடவுள் நியாயம் தீர்ப்பார் என்ற நம்பிக்கை. முன்னதைப் பற்றிய நூல்கள் ஆன்மிகம் என்றும் பின்னதைப் பற்றியவை இறையியல் கோட்பாடு என்றும் பெரும்பாலும் பிரித்தே வாசிக்கப்படுகின்றன. அந்தப் பிரிவினை இரண்டையும் கெடுத்திருக்கிறது என்பது என் கருத்து. இறுதித் தீர்ப்பு தன் கையில் இல்லை என்று உண்மையாகவே நம்புகிறவரால்தான் தம் தீர்ப்பை நிதானமாகச் சோதிக்க முடியும். அந்த நம்பிக்கை தளர்ந்த இடங்களிலெல்லாம் பகுத்தறிதல் குற்றச்சாட்டாக மாறியிருக்கிறது.

ஆதித் திருச்சபை இதில் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை அறிவோடு இருந்தது. ஆவியை அவித்துப்போடவும் கூடாது, சோதிக்காமல் ஏற்கவும் கூடாது என்று தெசலோனிக்கேயருக்கு எழுதினார் பவுல். 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுக்கப்பட்ட திதகே என்ற பழைய சபை ஒழுங்குநூல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலர் மூன்று நாள் தங்கினால் அவர் பொய்யர். பணம் கேட்டாலும் பொய்யர். பேச்சின் வல்லமையை அது அளவுகோலாக வைக்கவில்லை. ஆள் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கச் சொன்னது.

எகிப்தின் பாலைவனத் துறவிகள் இந்தச் சோதனையை உள்மனத்துக்குக் கொண்டுபோனார்கள். 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் காசியன் எழுதிய உரையாடல்களில் மோசே என்ற முதியவர், ஹீரோன் என்பவரின் கதையைச் சொல்கிறார். ஹீரோன் ஐம்பது ஆண்டு தனித்தவம் செய்தவர். உயிர்த்த ஞாயிறன்றுகூடச் சகோதரரோடு சேர்ந்து உண்ணமாட்டார், யார் ஆலோசனையையும் கேட்கமாட்டார். ஒருநாள் தேவதூதன் என்று நம்பிய ஒன்றின் சொல்லைக் கேட்டு, தமக்கு ஒன்றும் ஆகாதென்று பாழ்கிணற்றில் குதித்தார். தூக்கியெடுத்த பிறகும் தாம் ஏமாந்ததை அவர் ஏற்கவில்லை, மூன்றாம் நாள் இறந்துபோனார். தவத்தில் குறைவில்லாத மனிதர், ஆனால் தம் எண்ணங்களை இன்னொருவர்முன் திறந்து வைக்காதவர். பகுத்தறிதல் கூட்டத்தில் நடக்க வேண்டியது என்ற எண்ணத்தை இந்தக் கதையைவிடத் தெளிவாகச் சொன்ன பழைய எழுத்து எனக்குத் தெரியாது.

மத்திய காலத்தில் இது அலுவல்பூர்வமான விசாரணையாயிற்று. பாரீஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தராயிருந்த ஜான் ஜெர்சோன் 1401இலும் 1415இலும் தரிசனங்களைச் சோதிப்பது பற்றி எழுதினார். தரிசனம் கண்டவர் யார், கண்டது என்ன, ஏன், யாருக்குச் சொன்னார், எப்படி வாழ்கிறார், அது எங்கிருந்து வந்தது என்பவை அவர் கேட்கச் சொன்ன கேள்விகள். பெண்களின் தரிசனங்கள்மீது அவருக்கிருந்த கூடுதல் சந்தேகம் அந்த எழுத்தின் ஊனம். ஆனாலும் கேள்விகள் நல்ல கேள்விகள். அவை சோதனைக்கு உள்ளானது, விண்ணகக் குரல்களைக் கேட்டதாகச் சொன்ன ஜோன் ஆஃப் ஆர்க் விவகாரத்தில்.

1429இல் பிரெஞ்சு அரசரின் ஆட்கள் புவாத்தியே நகரில் அந்தக் கிராமத்துப் பெண்ணை விசாரித்து, குறையொன்றும் காணவில்லை என்றார்கள். 1431இல் ரூவான் நகரில் ஆங்கிலேயர் ஆதரவோடு ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் கூடியவர்கள் அதே பெண்ணை விசாரித்தார்கள். அவள் கேட்ட குரல்கள் தீய ஆவிகளுடையவை என்று பாரீஸ் பல்கலைக்கழகம் கருத்துச் சொன்னது. மே 30 அன்று அவளை எரித்தார்கள். ஒரே இறையியல், ஒரே வகைக் கேள்விகள், நேரெதிர் முடிவுகள். விசாரிக்கப்பட்டவளை அத்தனை நுட்பமாகத் துருவியவர்கள் விசாரிப்பவர் யாருக்குக் கடமைப்பட்டிருந்தார் என்பதைக் கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியை நீதிபதியின் பக்கம் திருப்பியவர் லயோலா இஞ்ஞாசியார். 1521இல் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்து படுத்திருந்தபோது, வீரக் கனவுகள் முடிந்ததும் மனம் வறண்டுபோவதையும் புனிதர்களைப் பற்றிய எண்ணங்களுக்குப் பின் ஆறுதல் தங்குவதையும் கவனித்தார். அங்கிருந்து வளர்ந்த ஆன்மிகப் பயிற்சிகள் நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் தந்தார். தேர்வுக்கு முன் எந்தப் பக்கமும் சாயாத மனம் வேண்டும், மனச்சோர்வு வேளையில் முந்தைய தீர்மானத்தை மாற்றக் கூடாது, நல்லெண்ணமாகத் தோன்றியது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று கடைசிவரை பார்க்க வேண்டும் என்பவை அவருடைய விதிகள். அவரே ஐயத்துக்கு ஆளாகி அல்காலாவிலும் சலமன்காவிலும் காவலில் வைக்கப்பட்டவர். குற்றஞ்சாட்டப்பட்டவரின் இடம் எப்படிப்பட்டது என்று அறிந்த ஒருவர் எழுதிய விதிகள் இவை.

சீர்திருத்தச் சபைகளின் வரலாற்றில் ஜோனுக்கு நேர்ந்ததற்கு நிகரான காயம் அமெரிக்காவின் சேலம் ஊரில் நடந்த சூனிய வழக்குகள். 1692இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில், குற்றவாளி என்று சொல்லப்பட்டவரின் ஆவியுருவம் தன்னைத் துன்புறுத்தியது என்ற சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்றது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஒருவர் கற்களால் நசுக்கப்பட்டு இறந்தார். சாத்தான் குற்றமற்றவரின் வடிவத்தையும் எடுக்கக்கூடும், அதனால் அந்தச் சாட்சியம் போதாது என்று போதகர் இன்கிரீஸ் மேதர் அந்த அக்டோபரில் எழுதியபோது காலம் கடந்திருந்தது. 1697 ஜனவரியில், உபவாச நாளில், நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சீவல் பாஸ்டன் ஆலயத்தில் சபையார்முன் எழுந்து நிற்க, தம் பழியை ஏற்கும் அவருடைய அறிக்கையைப் போதகர் வாசித்தார். தீர்ப்பளித்தவர் தம்மைத் தெய்வநீதியின் முன் நிறுத்திக்கொண்ட அரிய தருணம் அது.

அதே மாசசூசெட்ஸில் எழுப்புதல் காலத்தில் ஊழியம் செய்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1746இல் சமய உணர்ச்சிகளைப் பற்றி எழுதிய நூல் புராட்டஸ்டண்ட் உலகின் ஆகச் சிறந்த பகுத்தறிதல் நூல். அழுகை, நடுக்கம், மனதில் திடீரென்று எழும் வசனம் இவை எதையும் நிரூபிக்காது, மறுக்கவும் செய்யாது என்றார். நீடித்த நடத்தைதான் முதன்மைச் சான்று என்றார். அவர் 1731இல் வீனஸ் என்ற கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கியவர். இதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்க எனக்கு மனமில்லை. கனியைப் பார் என்று அத்தனை அழகாக எழுதியவர் தம் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கவில்லை.

இனி நீதியைப் பற்றிய எழுத்துக்கு வருவோம். ஆபகூக்கின் முறையீடு, யோபுவின் வழக்கு, 73ஆம் சங்கீதத்தின் பொறாமை என வேதாகமமே இதில் வாக்குவாதங்களின் தொகுப்பு. யோபுவின் நண்பர்கள் கடவுளின் நீதியைத் தர்க்கரீதியாகக் காப்பாற்றினார்கள், கடைசியில் கண்டிக்கப்பட்டவர்கள் அவர்கள்தான். சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்றவரைவிடப் பாவிகளா என்ற பேச்சுக்கு இயேசு இடங்கொடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகளை அலை கொண்டுபோனதை நினைக்கும் தமிழ் வாசகருக்கு அந்தப் பகுதி வெறும் பழங்கதையாக இருக்க முடியாது. கோதுமையும் களையும் உவமையில் பிடுங்கத் துடிப்பவர்கள் வேலையாட்கள், அறுவடைவரை பொறுக்கச் சொல்பவர் எஜமான். 410இல் ரோம் சூறையாடப்பட்டபின் அகுஸ்தீனார் எழுதிய கடவுளின் நகரம் இந்த உவமையின் நீண்ட விரிவுரை என்றே எனக்குப் படுகிறது. நல்லவர்மேலும் கெட்டவர்மேலும் ஒரே பேரழிவு விழுகிறது, அதை வைத்து யாரையும் தரம் பிரிக்காதே என்கிறார்.

20ஆம் நூற்றாண்டில் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியவர்கள் பாதிக்கப்பட்டோர் பக்கம் நின்று எழுதியவர்கள். குற்றமற்றவர் படும் துன்பத்தின் நடுவில் கடவுளைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யோபுவை வாசித்தார் பெருவின் குஸ்தாவோ குத்தியேரஸ். பெங்களூரில் 1981இல் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலுக்குத் தொடக்கங்களில் ஒன்றாயிற்று. கடவுளின் நீதி சாதியால் மிதிக்கப்பட்டவரின் வரலாற்றுக்குள் இன்று என்ன செய்கிறது என்பது அந்த மரபின் கேள்வி. போரில் சிதைந்த யூகோஸ்லாவியாவை நினைத்து 1996இல் எழுதிய குரோவேஷியரான மிரொஸ்லாவ் வோல்ஃப், பழிவாங்குதல் கடவுளுடையது என்ற நம்பிக்கைதான் மனிதன் கையிலுள்ள வாளைக் கீழே வைக்கச் செய்கிறது என்று வாதிட்டார். வன்முறையற்ற வாழ்வுக்குத் தீர்ப்பளிக்கும் கடவுள் தேவை என்ற அந்த வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது.

ஆனால் அதே நம்பிக்கையை வைத்து, கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ ஜெபம் பண்ணு என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதும் நடக்கிறது. சென்னையில் பிறந்து உலகப் புகழ்பெற்ற விசுவாச விளக்கவுரையாளர் ரவி சகரியாஸ் 2020இல் இறந்தார். அவருடைய நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை 2021 பிப்ரவரியில் அவருடைய பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. 2017இல் முறையிட்ட பெண்ணை நம்பாததற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நாவன்மை கனியாக எண்ணப்பட்டது, நாற்பதாண்டுப் புகழ் சாட்சியாக எண்ணப்பட்டது. திதகே இரண்டையும் ஏற்றிருக்காது.

கடவுளின் நீதியை நம்புவது எப்படி இருக்கும் என்பதற்கு ஜோனின் தாய் இசபெல் ரொமேயே போதும். மகளை எரித்த திருச்சபையின் முன்பே 1455இல், பாரீஸ் நோத்ருதாம் ஆலயத்தில், முதிய வயதில் மனுவோடு வந்து நின்றார். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, 1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. ஓயாமல் முறையிட்ட விதவையைப் பற்றி லூக்கா எழுதிய உவமையை இந்தப் பெண் வாழ்ந்து காட்டினார்.

நம் சபைகளில் தீர்க்கதரிசனங்கள் தாராளமாகச் சொல்லப்படுகின்றன, நிறைவேறாதவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊழியம் செய்வோருக்கும் சபை மூப்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மேடையில் சொல்லப்படும் வாக்குகளைத் தேதியோடு எழுதி வையுங்கள், ஓராண்டு கழித்து சபையார்முன் எடுத்து வாசியுங்கள். முறையீட்டோடு ஒருவர் வந்தால், ஜெபிக்கச் சொல்லுமுன் அவர் சொல்வதை முழுதும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது குற்றச்செயலாக இருந்தால் காவல் நிலையம்வரை அவரோடு துணைக்குப் போங்கள்.