சாலாவா, ஹாலண்டா? கற்பனைக் காற்பந்தின் தேர்வுமுறை

15 ஆட்டக்காரரைக் கற்பனைப் பணத்தால் வாங்கி, அவர்களுள் 11 பேரைக் களத்திலிறக்கி, ஒருவரைக் கேப்டனாக நியமித்து, அவர் ஈட்டும் புள்ளிகள் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையோடு வாரந்தோறும் காத்திருக்கும் கற்பனைக் காற்பந்து, கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் இளைஞர் பலருக்குப் பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து ஏறக்குறைய ஒரு நித்திய கர்மமாகவே ஆகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸின் மாமாக் கடை மேசைகளிலும், கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கொம்யூட்டர் ரயிலிலும் சனிக்கிழமை மாலைகளில் நடக்கும் சம்பாஷணையைச் சற்றே செவிமடுப்போர்க்கு, ‘இவனைப் போடுவதா, அவனைப் போடுவதா’ என்ற ஒரே வினா பல உருவங்களில் காதில் விழும். இதை வீண் வேலையென்று தள்ளும் பெரியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; ஆனால் இதைப் பெரிய சாஸ்திரமென்று கொண்டாடும் இளைஞரோடும் நெடுந்தூரம் செல்ல இயலவில்லை.

இவ்விளையாட்டு பிறந்தது அமெரிக்காவில். 1962இல், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் குழுவின் பங்குதாரர்களுள் ஒருவரான பில் விங்கென்பாக், நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் நண்பர்களோடு அமர்ந்து இதன் விதிகளை வகுத்தார். அது அமெரிக்கக் காற்பந்துக்காக வகுக்கப்பட்டது. அங்கே பந்தைக் கையிலேந்தி எதிரணியின் நடுவே பாய்ந்தோடும் ‘ரன்னிங் பேக்’ என்னும் ஆட்டக்காரர் இருவருள் எவரை இந்த வாரம் இறக்குவது என்பது இன்றளவும் தீராத வழக்கு. அவ்வழக்கில் நெடுநாள் பழகிய அனுபவசாலிகள் கண்ட பிரமாணம் ஒன்றுண்டு: எவன் அழகாக ஓடுகிறான் என்று பாராமல், எவனுக்குப் பந்து அதிகமுறை கொடுக்கப்படுகிறது என்று பார்ப்பது. நம்மிடையே வழங்கும் இங்கிலாந்துப் பிரிமியர் லீக் கற்பனை ஆட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும். எத்தனை நிமிடம் களத்தில் நிற்பார், பெனால்டி உதைப்பவர் யார், எதிரணியின் தற்காப்பு எத்தகையது என்னும் காரணங்களே அங்கும் முதலிடம் பெறத்தக்கவை.

உதாரணத்துக்கு 2024-25 பருவத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணத்தில், மென்செஸ்டர் சிட்டியின் எர்லிங் ஹாலண்ட் 15 மில்லியனுக்கும், லிவர்பூலின் முகமது சாலா 12.5 மில்லியனுக்கும் விலை குறிக்கப்பட்டிருந்தனர். இருவரையும் சேர்த்து வாங்கினால் எஞ்சிய 13 பேரைச் சிக்கனமாக வாங்க வேண்டியிருந்தமையால், ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வோமா என்ற தர்க்கம் பல குழுக்களில் எழுந்தது. ஹாலண்ட் முதல் 5 ஆட்டங்களில் 10 கோல் போட்டார். அதற்குள் இரண்டு ஹாட்ரிக்குகளும் அடக்கம். அப்போது அவரைக் கைவிட்டுச் சாலாவைப் பற்றியவர்கள் நண்பரின் பரிகாசத்துக்கு ஆளானார்கள். பருவம் முடிந்தபோதோ சாலா 29 கோல்களும் கோலுக்கு வழிவகுத்த 18 உதவிகளும் ஈட்டி, 38 ஆட்டங்களிலும் களமிறங்கி, 344 புள்ளிகளோடு இக்கற்பனை ஆட்டத்தின் வரலாற்றிலேயே எவரும் எட்டாத உயரத்தில் நின்றார். மார்ச் இறுதியில் கணுக்காலில் காயமுற்ற ஹாலண்ட் 22 கோல்களோடும் 181 புள்ளிகளோடும் நின்றுவிட்டார்.

இந்த வித்தியாசத்தைக் கண்டு, சாலாவைத் தேர்ந்தவர் மதிநுட்பம் வாய்ந்தவர், ஹாலண்டைத் தேர்ந்தவர் பேதை என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? கூடாது என்பதே என் கட்சி. 2022-23இல் 36 கோல்களோடு ஒரே பருவத்துக்கான லீக் சாதனையைப் படைத்த ஒருவரை, பெனால்டிகளை உதைப்பவராகவும் இருக்கும் ஒருவரை, பருவத் தொடக்கத்தில் தேர்ந்தெடுத்தவரிடம் காரணம் இருந்தது. கணுக்காலில் நேரப்போகும் காயத்தை எந்தக் காரணமும் முன்கூட்டிச் சொல்லாது. பயனைக் கொண்டு தேர்வை அளப்பது இவ்வழக்கத்தின் மிகப் பழைய நோய். திங்கட்கிழமை காலையில் புள்ளிப் பட்டியலைத் திறந்து, ‘நான் அப்பொழுதே சொன்னேன்’ என்போருள் பலர் அப்பொழுது எதையும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

சாலாவின் ஏற்றத்தில் விதிகளின் கைங்கரியமும் உண்டு. கோல் போடுவதே இருவருக்கும் பிரதானத் தொழிலாயிருந்தும், ஆட்ட நிர்வாகத்தார் சாலாவை நடுத்திடல் ஆட்டக்காரரென்றும் ஹாலண்டை முன்னணி ஆட்டக்காரரென்றும் வகுத்துவிட்டனர். முன்னவர் கோல் ஒன்றுக்கு 5 புள்ளி, பின்னவர் கோலுக்கு 4. 29 கோல்களுக்கு இந்த ஒரு புள்ளி வீதம் பார்த்தால் 29 புள்ளிகள், ஒரு பெயர்ச்சீட்டினால் மட்டும் வந்தவை. அதை நீக்கினாலும் சாலாவே மேல் என்பது வேறு விஷயம்; ஆயினும் நிறைகோலின் ஒரு தட்டு முன்பே சற்றுத் தாழ்ந்திருப்பதை அறிந்து பொருள் நிறுப்பவனே வணிகன். இவ்வகையில் விதிகளைக் கூர்ந்து கற்பவர்க்கு இவ்வாட்டம் நல்ல பயிற்சி தருகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விலை, நிமிடம், நிகழக்கூடிய தன்மை என்பனவற்றை ஒருசேர நிறுத்துப் பார்க்கும் பழக்கம், நாலு நம்பர் லாட்டரி எழுதிக் கனவுக்குப் பலன் தேடும் பழக்கத்தைவிட எத்தனையோ மடங்கு மேலானது.

ஆனால் புள்ளி காணும் கண்ணுக்குக் காற்பந்தின் பெரும்பகுதி தெரிவதேயில்லை. 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்ற ஆட்டத்தை, இவ்விதிகளால் அளந்து பார்த்தால் என்னவாகும்? ஹசான் சானி தந்த பந்தை வெற்றிக் கோலாக்கிய ஜேம்ஸ் வோங்குக்கு 4, சானிக்கு 3. நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் பெற்ற கோல்காவலர் ஆர். ஆறுமுகமும், அவர்முன் அரணாக நின்ற சோ சின் ஆனும் ஒரு கோலை விட்டுக்கொடுத்ததால், கோல் விடாமைக்குரிய 4 புள்ளிகளை இழந்துவிடுவர். மூன்று பந்துகளைத் தடுத்தால் ஒரு புள்ளி போன்ற சில்லறைதான் ஆறுமுகத்துக்கு மிஞ்சும். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததை எதிர்த்து நாம் மாஸ்கோவுக்குப் போகாமலே இருந்துவிட்டோம். எனினும் அந்த இரவைப் பற்றிப் பேசும் கிள்ளான் முதியவர் எவரும் ஆறுமுகத்தைச் சில்லறையாக எண்ணியதில்லை. 2025-26 முதல் தற்காப்புச் செயல்களுக்கும் இரண்டு புள்ளி வழங்க நிர்வாகத்தார் விதி செய்தது இக்குறையைத் தாமே உணர்ந்ததன் அடையாளம். குறை அதனால் முற்றும் தீர்ந்துவிடவில்லை.

எல்லாவற்றினும் பெரிய பழுது வேறோரிடத்தில் இருக்கிறது. உலகெங்கும் 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடும் இவ்வாட்டத்தில், நம்மவர் உண்மையில் போட்டியிடுவது அலுவலகத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ உள்ள பத்துப் பதினைந்து பேரோடுதான். அங்கே வினா மெல்ல உருமாறுகிறது. ‘சாலா சிறந்தவரா, ஹாலண்ட் சிறந்தவரா’ என்று தொடங்கிய விசாரணை, ‘முன்னணியில் இருப்பவன் யாரைக் கேப்டனாக்கியிருக்கிறான்’ என்ற உளவாக முடிகிறது. முந்தி நிற்பவன் மற்றவர் வைத்திருப்பவரையே வைத்துக்கொண்டு தன் முன்னிலையைக் காப்பதும், பிந்தியவன் எவரும் தொடாத ஒருவரைத் துணிந்து போடுவதும் யுக்தி என்ற அளவில் முற்றிலும் நியாயமே; கணக்கும் அதை ஆதரிக்கும். ஆனால் அந்தக் கணத்திலிருந்து ஆராயப்படுவது ஆட்டக்காரன் அல்லன், அண்டைவீட்டான். எல்லாரும் ஒருவரையே வைத்திருக்கும்போது அவர் கோல் போட்டால் எவர்க்கும் லாபமில்லை, போடாவிட்டால் எவர்க்கும் நஷ்டமில்லை. அத்தகைய பாதுகாப்பைத் தேடி மூன்று மணி நேரம் தர்க்கித்ததை ஆராய்ச்சி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கால வித்தியாசமும் நமக்குச் சாதகமாயில்லை. வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னரே, களமிறங்குவோர் பட்டியல் வெளிவருமுன், தேர்வு முடிந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கிலாந்தில் முதல் ஆட்டமென்றால், அங்குள்ள கோடைக்கால நேரப்படி கோலாலம்பூரில் கெடு சனிக்கிழமை அதிகாலை 1:30. கடைசி நேரச் செய்திக்காக விழித்திருந்து, தூக்கக் கலக்கத்தில் நான்கு புள்ளிகளைத் தண்டமாகக் கொடுத்து ஆளை மாற்றி, விடிந்தபின் வருந்துவோரை அறியாதார் இல்லை.

2025-26இல் நிர்வாகத்தார் சாலாவுக்கு 14.5, ஹாலண்டுக்கு 14 என்று விலையைத் திருப்பி வைத்தனர். பருவத்தின் தொடக்க மாதங்களிலோ கோல்களைக் குவித்தவர் ஹாலண்ட், தளர்ந்தவர் சாலா. முந்திய ஆண்டின் பயனை அடுத்த ஆண்டின் பிரமாணமாகக் கொள்ளும் பிழை நிர்வாகத்தாரையும் விட்டபாடில்லை. ஆகவே குழு நடத்தும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கெடுவுக்கு முன், கேப்டனாக இவரைத் தேர்ந்தது ஏன் என்று ஒவ்வொருவரும் ஒரே ஒரு வரி குழுவில் எழுதிவையுங்கள். பருவ முடிவில் புள்ளிப் பட்டியலைப் படித்தபின், அந்த வரிகளையும் எடுத்து ஒருமுறை வாசியுங்கள். விருந்துச் செலவை யார் ஏற்பது என்பதை அதன்பிறகு முடிவுசெய்யலாம்.