மண்டியிட்ட மடத்துத் தலைவர்

என் கத்தோலிக்க நண்பர் ஒருவர் கல்லூரியில் பாடம் சொல்கிறவர். நாவல் படிப்பதில் என்னைவிட வேகம். அபிப்பிராயம் சொல்வதில் அதைவிட வேகம். அவர் ஒரு நாள் நூறு பக்கமளவுள்ள ஒரு சின்னப் புஸ்தகத்தை என் மேஜைமேல் வைத்து, “இதைப் படியும். எனக்கு இதன்மேல் கோபம். உமக்கும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்” என்றார். பிரையன் மூர் எழுதிய ‘கத்தோலிக்கர்கள்’ என்ற நாவல். 1972-ல் வெளிவந்தது. ஒரே இரவில் படித்து முடித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்பதுகூட இரண்டாம் தடவை படித்தபோதுதான் விளங்கிற்று.

மூர் 1921-ல் பெல்பாஸ்ட் நகரில் பிறந்த ஐரிஷ்காரர். டாக்டர் வீட்டுப் பிள்ளை. கத்தோலிக்கராக வளர்ந்து, இளமையிலேயே விசுவாசத்தை விட்டு, பிறகு கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார். விட்டுவிட்ட மதத்தைப் பற்றியே திரும்பத் திரும்ப எழுதிய மனிதர். கிரஹாம் கிரீன் தமக்குப் பிடித்த சமகால நாவலாசிரியர் என்று இவரைச் சொன்னது உண்டு. விட்டவனுக்குத்தான் அதன் எடை சரியாகத் தெரியும் போலும்.

கதைக்குள் போகுமுன் அதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கத்தோலிக்கக் கோயில்களில் நடக்கும் பூசைக்கு 1570-ல் ஐந்தாம் பத்திநாதர் என்ற போப்பாண்டவர் ஒரு கட்டளைப் புஸ்தகம் வெளியிட்டார். லத்தீன் பாஷையில், குருவானவர் பீடத்தை நோக்கி நின்று செய்கிற பூசை. இது என்றென்றைக்கும் செல்லும் என்பது அவர் ஆணை. சுமார் நானூறு வருஷம், சிற்சில மாறுதல்களோடு, அப்படியே நடந்தது. 1962 முதல் 1965 வரை ரோமாபுரியில் இரண்டாவது வாத்திக்கான் சங்கம் கூடிற்று. அதன் பிறகு 1969-ல் ஆறாம் சின்னப்பர் புதிய பூசை முறையைக் கொண்டுவந்தார். அந்தந்த நாட்டு மொழி வந்தது. குருவானவர் ஜனங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

பாஷைச் சண்டை என்றால் நமக்குச் சட்டென்று புரிந்துவிட்டதுபோல் இருக்கும். தமிழ் அர்ச்சனையா, ஸம்ஸ்கிருத அர்ச்சனையா என்று நாமே வாதாடிய ஜாதிதானே! ஆனால் இங்கே பாஷை வெறும் வாசல்தான். சங்கடம் உள்ளே இருக்கிறது. போப்பாண்டவருடைய அதிகாரம் விசுவாசத்தில் மட்டும் அல்ல, சபையின் ஒழுங்கிலும் நிர்வாகத்திலும் எல்லோரையும் கட்டும் என்று 1870-லேயே முதல் வாத்திக்கான் சங்கம் வகுத்துவிட்டது. அந்தத் தீர்மானத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்கள் யார்? பழமையில் பற்றுள்ளவர்கள். கீழ்ப்படிதலே கத்தோலிக்கனின் லட்சணம் என்று தம் குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம்தான் 1969-ல் அதே சிம்மாசனத்திலிருந்து, “நேற்றுவரை மாறாதது என்றிருந்தது மாறிவிட்டது” என்று உத்தரவு வந்தது. கீழ்ப்படிந்தால் உயிருக்குயிரான பூசை போய்விடும். பூசையைக் காப்பாற்றினால் கீழ்ப்படிதல் போய்விடும். ஒரு போப்பின் ‘என்றைக்கும்’ பெரிதா, இன்னொரு போப்பின் ‘இன்றுமுதல்’ பெரிதா? மேல்நாட்டு நாவலாசிரியர்களுக்கு இதைவிடச் சுத்தமான ஒரு முடிச்சு அந்த நூற்றாண்டில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகந்தான். கண்டுகொண்டவர்கள் சிலரே.

மூர் இந்த முடிச்சை எடுத்துக்கொண்டு சற்று எதிர்காலத்துக்குப் போகிறார். நான்காவது வாத்திக்கான் சங்கமும் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறார். தனிப் பாவசங்கீர்த்தனம் எடுபட்டுவிட்டது. பூசையில் அப்பம் நிஜமாகவே கிறிஸ்துவின் சரீரமாகிறது என்பது போய், அது ஓர் அடையாளம் என்றாகிவிட்டது. பெளத்தர்களோடு சேர்ந்து ஒரு பெரிய உடன்பாட்டுக்கு ஏற்பாடுகள் நடக்கின்றன. இந்தச் சமயத்தில், அயர்லாந்தின் கெர்ரிக் கரைக்கு அப்பால் ஒரு தீவிலிருக்கும் மடத்துத் துறவிகள் மட்டும் பழைய லத்தீன் பூசையை விடவில்லை. கரைக்கு வந்து, மலையில் ஒரு பாறைமேல் பூசை செய்கிறார்கள். இங்கிலீஷ்காரர்களின் தண்டனைச் சட்டக் காலத்தில் கத்தோலிக்கர்கள் ஒளிந்து பூசை கண்ட பாறைகள் அயர்லாந்தில் நிறைய உண்டு; அதில் ஒன்று. அன்று அரசாங்கத்துக்குப் பயந்து ஏறிய பாறையில் இன்று ரோமாபுரிக்குத் தெரியாமல் ஏறுகிறார்கள் என்ற விபரீதத்தை மூர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. எங்கெங்கோ இருந்து ஆயிரக்கணக்கில் ஜனம் வந்து குவிகிறது. டெலிவிஷன்காரர்கள் படமெடுக்க வரப்போகிறார்கள். இதை நிறுத்தும்படி முழு அதிகாரத்தோடு கின்ஸெல்லா என்ற இளம் அமெரிக்கக் குருவானவரை ரோமாபுரி அனுப்புகிறது.

முதல் காட்சியே அருமை. தீவுக்கு அழைத்துப்போக மடத்துப் படகுக்காரன் வருகிறான். கின்ஸெல்லா அங்கி போடாதவர்; சிப்பாய் உடுப்பு மாதிரி ஏதோ அணிந்திருக்கிறார். “குருவானவரை ஏற்றிவரச் சொன்னார்கள், உன்னை அல்ல” என்கிற தோரணையில் படகுக்காரன் அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறான். ரோமாபுரியின் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. அதைத் தாங்கும் சட்டைதான் சரியில்லை! கடைசியில் அவர் ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறார். அதிகாரம் என்பது எழுத்தில் இருக்கிறதா, உடுப்பில் இருக்கிறதா என்று ஒரு தர்க்கமும் செய்யாமல் கேட்டுவிட்டார் மூர். நம் நாவலாசிரியர்கள் (என்னையும் சேர்த்துத்தான்) இந்த இடத்தில் இரண்டு பக்கம் உபந்நியாசம் பண்ணியிருப்போம்.

தீவில் மடாதிபதி தாமஸ் ஓமாலி காத்திருக்கிறார். கிழவர், சாமர்த்தியசாலி, பேச்சில் நயம். ஏன் பழைய பூசைக்குத் திரும்பினீர் என்று கேட்டால், இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதியது பிடிக்கவில்லை என்கிறார். இவ்வளவுதானா காரணம் என்று கின்ஸெல்லா திகைக்கிறார். எதிர்பார்த்தது ஒரு வெறியரை. கிடைத்தது ஒரு மேஸ்திரியை. ஆனால் மானஸ் என்ற துறவி வேறு ரகம். பூசை என்பது பீடத்தின்மேல் நடக்கிற அற்புதம், அது வெறும் கூட்டுப் பிரார்த்தனை அல்ல என்று அவர் குமுறிக் கொட்டுகிற இடம் இந்தப் புஸ்தகத்தின் நெஞ்சு. தாம் நம்பாத ஒன்றை இவ்வளவு சத்தியமாகப் பேசவைக்க முடிந்ததே என்று மூரின்மேல் எனக்குப் பொறாமை உண்டாயிற்று.

மடாதிபதி உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிடுகிறார். பெரிய போராட்டம் ஒன்றும் இல்லை. இரவில் துறவிகள் சிலர் கோயிலில் கூடி விழித்திருந்து ஜபிக்கிறார்கள். அவர்களையும் கீழ்ப்படிதலின் பேரைச் சொல்லியே படுக்கைக்கு அனுப்புகிறார். காரணம் நமக்கு மட்டும் தெரிகிறது. பல வருஷங்களுக்கு முன் லூர்து நகரத்துக்கு யாத்திரை போன இடத்தில் அவருடைய விசுவாசம் ஆட்டங்கண்டு விழுந்துவிட்டது. அன்று முதல் அவரால் ஜபம் செய்ய முடியாது. செய்ய முயன்றால் ஒரு சூனியம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. அதிலிருந்து மீள வெகுநாள் ஆகிறது. ஆகவே ஜபத்தையே விட்டுவிட்டு, மடத்தை நிர்வாகம் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

இங்கேதான் நண்பரின் கோபம். “பார்த்தீரா! விசுவாசம் உள்ளவனெல்லாம் மீறுகிறான். கீழ்ப்படிகிற ஒருவனுக்கு விசுவாசம் இல்லை. நெஞ்சு நிறைய நம்பிக்கையும் வைத்துக்கொண்டு, உத்தரவுக்கும் பணிந்து, வீட்டில் உட்கார்ந்து அழுதவர்கள் லட்சக்கணக்கான பேர். அவர்களுக்கு இந்தப் புஸ்தகத்தில் இடமே இல்லையே!”

நியாயமான வார்த்தை. அப்படிப்பட்டவர்களில் ஒருவர் எழுத்தாளராகவே இருந்தார். ஈவ்லின் வா 1930-ல் கத்தோலிக்கரானவர். சங்கம் கூடிய 1962-லேயே, பூசையில் கை வைக்காதீர்கள் என்று பத்திரிகையில் எழுதினார். மேற்றிராணியார் ஹீனனுக்குக் கடிதத்துக்குமேல் கடிதம் போட்டார். கேலியும் கிண்டலும் அவருக்குப் பிறவிக் குணம். அந்தக் கடிதங்களில் அது பாதி உலர்ந்துபோயிருக்கிறது. சபையை விட்டுப் போகமாட்டேன், ஆனால் கோயிலுக்குப் போவதே கசப்பாகிவிட்டது என்கிறார். கடைசிவரை மீறவில்லை. 1966 ஏப்ரல் 10, ஈஸ்டர் ஞாயிறு. சிநேகிதரான ஒரு சேசு சபைக் குருவானவர் லத்தீனில் செய்த பூசையைக் கண்டுவிட்டு வீடு திரும்பியவர், அன்றே இறந்துபோனார். இதை நாவலில் எழுதினால் செயற்கை என்பார்கள்.

மூருடைய தீவில் ஒரு வாவுக்கு இடமில்லாமல் போனது குறைதான். கின்ஸெல்லாவும் கொஞ்சம் தட்டையான பாத்திரம். ரோமாபுரியின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல இன்னும் கனமான ஒரு மனிதர் வேண்டும். தன் பாஷையில் பிரார்த்தனையைக் கேட்டு முதல் தடவையாகக் கண்கலங்கிய ஜனங்களும் உலகத்தில் உண்டே. அவர்களுடைய வாசனைகூட இந்தப் பக்கங்களில் இல்லை.

இருந்தும் ஒரு விஷயத்தில் மூர் எல்லோரையும்விடக் கூர்மை. 1971-ல் இங்கிலாந்தில் எழுத்தாளர்களும் சங்கீத வித்வான்களும் பழைய பூசையை அழியவிடாதீர்கள் என்று போப்பாண்டவருக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார்கள். அகதா கிறிஸ்டி கையெழுத்திட்டார். கிரஹாம் கிரீன், ஐரிஸ் மர்டாக், யெஹுதி மெனுஹின் எல்லோரும் இட்டார்கள். பாதிப் பேர் கத்தோலிக்கர்களே அல்லர். ஹீனன், அதற்குள் கார்டினலாகிவிட்டவர், அதை எடுத்துச்சென்று அந்த வருஷமே இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஓரளவு அனுமதி வாங்கிவந்தார். கிறிஸ்டியின் பேரைப் பார்த்ததும் போப் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு கதைகூட உண்டு. துப்பறியும் நாவல் எழுதுகிறவர்கள் இனி தலைநிமிர்ந்து நடக்கலாம்! ஆனால் அவர்கள் பூசையைக் கேட்டது ஒரு பழைய கோபுரத்தை இடிக்காதீர்கள் என்று கேட்பது போல. மானஸ் கேட்பது அதுவா? தீவுக்கு வரும் டெலிவிஷன்காரர்களுக்கும் பூசை அழகாகத்தான் இருக்கிறது. பகைவர்கள் தடுக்கிறார்கள், ரசிகர்கள் படமெடுக்கிறார்கள். நடுவில் நின்று இது நிஜம் என்று சொல்கிறவனை இரண்டு கூட்டமும் கேட்கவில்லை. மூர் இதை விண்ணப்பம் போன மறுவருஷமே எழுதிவிட்டார்.

பிறகு நடந்ததில் கதையைவிட மூர்க்கம் அதிகம். ஆப்பிரிக்காவில் வெகுகாலம் ஊழியம் செய்த மார்ஸெல் லெபெவர் என்ற பிரெஞ்சு அதிமேற்றிராணியார், 1970-ல் ஒரு சபை தொடங்கி ஸ்விட்ஸர்லாந்தில் பழைய முறைப்படி குருக்களைத் தயார்பண்ணினார். 1976-ல் உத்தரவை மீறிக் குருப்பட்டம் கொடுத்ததற்காக அவருடைய குருத்துவ அதிகாரம் நிறுத்தப்பட்டது. 1988-ல் போப்பின் சம்மதமில்லாமல் நாலு பேரை மேற்றிராணியார்களாக்கினார், சபையிலிருந்து விலக்கப்பட்டார், 1991-ல் அப்படியே இறந்தார். அந்த நாலு பேர் மேலிருந்த விலக்கு 2009-ல் நீங்கிற்று. மீறாமல் காத்திருந்தவர்களுக்கோ 1984-ல் கொஞ்சம் கதவு திறந்தது. 2007-ல் பதினாறாம் ஆசீர்வாதப்பர் அகலத் திறந்தார். 2021-ல் போப் பிரான்சிஸ் மறுபடி ஒருக்களித்துச் சாத்தினார். காத்திருந்து பெற்றவர்களிடம் திரும்பவும் கீழ்ப்படி என்றார்கள். மூர் சொன்ன ஆரூடங்கள் பலிக்கவில்லை. நான்காம் சங்கமும் வரவில்லை, பாவசங்கீர்த்தனமும் போகவில்லை. ஆனால் ஓமாலியின் மேஜைக்கு அந்தக் கடிதம் மட்டும் இன்னும் வந்துகொண்டேயிருக்கிறது.

கிரஹாம் கிரீன் பத்து வருஷம் கழித்து, 1982-ல், ‘மான்ஸிஞோர் குயிக்ஸாட்’ எழுதினார். அதிலும் ஒரு கிழக் குருவானவர். மேற்றிராணியார் அவரைப் பூசை செய்யக் கூடாது என்று தடுத்துவிடுகிறார். மரணத் தறுவாயில், நினைவு தப்பிய நிலையில், அவர் எழுந்து நடந்து, அப்பமும் இல்லை, ரசமும் இல்லை, வெறுங்கையால் பழைய லத்தீன் பூசையைச் செய்கிறார்; கம்யூனிஸ்டு நண்பனுக்கு இல்லாத அப்பத்தை ஊட்டுகிறார். கிரீன் மீறலையும் கீழ்ப்படிதலையும் தூக்கத்தில் கரைத்துத் தப்பித்துக்கொண்டார் என்று சொல்லலாம். அழகான தப்பித்தல். மூர் தம் மடாதிபதியை விழித்தபடியே வைத்திருக்கிறார்.

கடைசிக் காட்சியைச் சொல்கிறேன். கின்ஸெல்லா போய்விட்டார். துறவிகள் கலங்கி நிற்கிறார்கள். இனி எதை நம்புவது, எது பூசை? ரோமாபுரியின் கடிதம் அவர்களைப் பணியவைக்காது. அவர்களுக்கு வேண்டியது ஒன்றே: தங்கள் தலைவர் தங்களோடு ஜபிக்க வேண்டும். ஓமாலிக்கு அதன் விலை தெரியும். பரலோக மந்திரத்தை வாயெடுத்தால் அந்தச் சூனியத்துக்குள் போக வேண்டும். இம்முறை திரும்பி வருவது இல்லை. மண்டியிடுகிறார், நடுங்கிக்கொண்டே ஆரம்பிக்கிறார். துறவிகள் பின்னால் சொல்கிறார்கள்.

நண்பர் கோபத்தில் இந்தப் பக்கத்தைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் தேடிய ஆள், நம்பிக்கையும் பணிவும் சேர்ந்தவர், ஒருவர் இல்லை. அந்தக் கோயில் நிறைய முழங்காலில் இருக்கிறார்கள். அவர்கள் பணிவது போப்புக்கு அல்ல, பக்கத்திலிருக்கும் ஒரு கிழவருக்கு. அந்தக் கிழவருக்கோ உள்ளே ஒன்றுமில்லை.

புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இதைச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்கிற ஆசாமி அல்ல. சற்றுநேரம் பேசாமலிருந்துவிட்டுத் தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். லத்தீன் பூசை நடந்த நாளெல்லாம் அந்த அம்மாள் ஒரு சொல்லும் புரியாமல், முழுப் பூசைக்கும் ஜபமாலை உருட்டிக்கொண்டிருப்பாளாம். தமிழ்ப் பூசை வந்ததும் எல்லோரும் உரக்கப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். “பேசிக்கொண்டேயிருந்தால் ஜபமாலை எப்போது சொல்கிறது?” என்று சாமியாரிடமே கேட்டாளாம். ஆனால் மறு ஞாயிறு பதிலும் சொன்னாள், ஜபமாலையும் சொன்னாள்; எப்படி என்று அவருக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

போகும்போது கிரீனின் புஸ்தகத்தை என் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்.